ரிப்போர்ட்டைப் பயனரே மாற்றிக்கொள்ள என்ன வழி?

வணக்கம். பாம்பனில் நண்டும் கணவாயும் வாங்கும் ஒரு வியாபாரிக்கு சி ஷார்ப்பில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரவு போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. எடை, விலை, படகுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் சரியாக ஏறுகிறது. சிக்கல் ரிப்போர்ட்டில்தான். நேற்றுப் போனபோது, அச்சடித்த தாளின் ஓரத்தில் கணக்கர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'ஐஸ் செலவு' என்று தலைப்பெழுதி வரிவரியாகப் பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு மனசே கேட்கவில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அப்போது நாட்டுப்படகுக் கணக்கு மட்டும் வேண்டும் என்பார். ஒவ்வொரு தடவையும் நான்தான் நிரலைத் திருத்த வேண்டியிருக்கிறது.

நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுப்பது, படகுவாரியாகக் கூட்டுவது, வடிகட்டுவது, அந்த அமைப்பைப் பெயர் வைத்துச் சேமிப்பது: இவ்வளவையும் அவரே செய்ய வேண்டும். டெவ்எக்ஸ்பிரஸ், ஃபாஸ்ட்ரிப்போர்ட் ஆகிய ரிப்போர்ட் கருவிகள் இரண்டிலும், ரிப்போர்ட்டைப் பயனரே வடிவமைக்கும் டிசைனர் உண்டு. ஆனால் முழு டிசைனர் அவரை மிரட்டிவிடும் என்று நினைக்கிறேன். அதனால் டேபிள்களை நேரடியாகக் காட்டாமல், தமிழ்த் தலைப்புள்ள வியூக்களை (டேபிள்களிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துக் காட்டுபவை) மட்டும் படிக்கும் அனுமதியோடு கொடுத்து, எளிய திரை ஒன்றை நானே எழுதலாமா? அப்புறம், பிடிஎஃப்பில் தமிழ் எழுத்து உடையாமல் வர எதைப் பயன்படுத்துகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.