வேப்பிலைக்கு மசியாத கத்தரிப் புழு

பெகு தோட்டக்காரன்:
பர்மாவில் பெகுவுக்கு வெளியே, வீட்டுக்குப் பின்னால் 60 கத்தரிச் செடி வைத்திருக்கிறேன். ஒரு மாதமாகக் குருத்துகள் தலை தொங்குகின்றன. காயை அரிந்தால் ஓட்டையும் எச்சமும். அப்பா காலத்து வழக்கப்படி வேப்பிலையை இடித்துக் காய்ச்சி மூன்று தடவை அடித்தாயிற்று. புழு சட்டையே பண்ணவில்லை. சந்தையில் பழக்கமான ஒருவர் தண்ணீர் பாட்டிலில் ஏதோ மருந்து ஊற்றிக் கொடுத்து, ‘இரண்டு மூடி போதும்’ என்கிறார். பெயர் கேட்டால் தாய்லாந்து மருந்து என்பதோடு சரி. வீட்டுக்காரி அதைப் படியேற்ற விடவில்லை. தப்பு வேப்பிலை மேலா, என் மேலா?

மோல்மேன் அக்கா:
இது குருத்தையும் காயையும் துளைக்கிற புழு, தம்பி. முட்டை பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே போய்விடும். அப்புறம் மேலே எதை அடித்தாலும் அதற்குக் குடை பிடித்த மாதிரிதான். தொங்குகிற குருத்தை ஒரு விரற்கடை கீழே தள்ளி நறுக்குங்கள், ஓட்டைக் காயையும் பறித்து எரித்துவிடுங்கள். குப்பைக்குழியில் போட்டால் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். வாராவாரம், விடாமல்.

வேம்பில் சரக்கு அதிகம் இருப்பது கொட்டைப் பருப்பில்தான். லிட்டருக்கு 50 கிராம் இடித்து, துணியில் கட்டி இரவு ஊறப்போட்டு, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைத்து மறுநாள் சாயங்காலமே தெளியுங்கள். காய்ச்சாதீர்கள். சூட்டிலும் வெயிலிலும் அசாடிராக்டின், அதாவது பூச்சியைத் தடுக்கிற வேம்புச் சத்து, கெட்டுவிடும். அது உடனே கொல்லாது; புழுவைத் தின்னவும் ஒழுங்காகத் தோலுரிக்கவும் விடாது. எங்கள் மழை ஊரில் வேம்பு குறைவு, மாந்தலே போகிறவர்களிடம் கொட்டைக்குச் சொல்லி வைப்பேன்.

ரங்கூன் மாடித்தோட்டம்:
சுருட்டுப் புகையிலையை ஊறவைத்து அடியுங்கள். எல்லாம் செத்துவிடும்.

மோல்மேன் அக்கா:
அடிக்கிறவனும் விழுவான். நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். என் கொழுந்தனார் வெறுங்கையால் கலக்கிவிட்டு அன்று முழுக்க வாந்தி எடுத்தார். புகையிலையோடு வரும் வைரஸ் தக்காளி, கத்தரிக்கும் ஒட்டும், எல்லாம் ஒரே குடும்பம். அந்தப் பாட்டிலும் வேண்டாம். பேர் தெரியாத மருந்துக்கு அளவு ஏது? அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிப்பீர்கள்?

பெகு தோட்டக்காரன்:
இன்று 41 குருத்து நறுக்கினேன். ஒன்றைப் பிளந்தால் இளஞ்சிவப்பில், தலை மட்டும் பழுப்பாக, அரை அங்குலப் புழு! மகன் தண்ணீர் என்று குடித்துவிடப் போகிறான் என்று பாட்டிலைப் பூட்டி வைத்திருக்கிறேன். எங்கே கொட்டுவது?

மோல்மேன் அக்கா:
கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.