பட்ஜெட் புத்தகத்தில் இருக்கும் மழைநீர் வடிகால் தெருவுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: தெருவாசி

நாங்கள் தமிழ்நாட்டின் நடுத்தர மாநகராட்சி ஒன்றின் விரிவாக்கப் பகுதியில் வசிக்கிறோம். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம், தாழ்வான சில தெருக்களுக்கு மழைநீர் வடிகால் கேட்டு, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், பட்ஜெட் தாக்கலாகும் நாளையொட்டி மேயரிடம் மனு கொடுத்து வருகிறது. சென்ற ஆண்டு பட்ஜெட்டில் எங்கள் மண்டலத்தின் வடிகால் பணிகளுக்கு ஒரு தொகை அறிவிக்கப்பட்டது. எங்கள் தெருக்களின் பெயர்களும் அதில் இருந்ததால் பட்டாசு வெடிக்காத குறையாக மகிழ்ந்தோம். ஆண்டு முடியப்போகிறது, ஒரு கூடை மண்கூட அள்ளப்படவில்லை. மாமன்ற உறுப்பினரைக் கேட்டால் நிதி இல்லை என்கிறார். மண்டல அலுவலகத்தில் கேட்டால், பட்ஜெட்டில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்கள். பட்ஜெட்டில் இருக்கும் பணம் கையில் இல்லாமல் போவது எப்படி? சொத்து வரி மட்டும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறதே, அது எங்கே செல்கிறது? இந்த நடைமுறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேச உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய கணக்கர்

ஐயா, நான் உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்களிடம் இருவரும் சொன்னது உண்மையாகவே இருக்கக்கூடும். பட்ஜெட்டின் முழுப் பெயரே வரவு செலவுத் திட்ட மதிப்பீடு. இந்தத் தலைப்பின் கீழ் இவ்வளவு வரை செலவிடலாம் என்று மாமன்றம் தரும் அனுமதி அது. பெட்டியில் இருக்கும் பணத்தின் கணக்கு அன்று. எதிர்பார்த்த வரவு வராவிட்டால் அனுமதி மட்டும் தாளில் நிற்கும்.

நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆனால் அதற்கான வேலை முந்தைய ஆண்டின் மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பொறியியல், சுகாதாரம், கல்வி, மின்விளக்கு என ஒவ்வொரு பிரிவிடமும், முதல் அரையாண்டில் என்ன செலவாயிற்று, மீதி ஆறு மாதத்துக்கு எவ்வளவு வேண்டும், அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பிரிவு கேட்கும். வந்த பட்டியல்களை ஆணையர் அளவில் வெட்டிக் குறைத்து, வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழுவின் முன் வைத்து, அதன் பிறகே மாமன்றத்துக்குக் கொண்டுவருவார்கள். சென்னை மாநகராட்சியின் பட்ஜெட் 2023இல் மார்ச் 27 அன்றும், மக்களவைத் தேர்தல் வந்த 2024இல் முன்கூட்டியே பிப்ரவரி 21 அன்றும் தாக்கலானது. நாள் எதுவானாலும், மேயர் எழுந்து வாசிக்கும்போது புத்தகம் அச்சாகியிருக்கும். மார்ச் மாதத்தில் நீங்கள் கொடுக்கும் மனு அந்தப் புத்தகத்துக்குள் நுழைய வழியே இல்லை.

அடுத்து, அந்தப் புத்தகத்தைப் படிக்கும் முறை. பெரும்பாலோர் உரையை வாசித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், செய்தித்தாள்களும் அப்படியே. உரை வெறும் வாழ்த்துப்பா. உள்ளே ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் எதிரே நான்கு பத்திகள் இருக்கும்: முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு (ஆண்டின் இடையில் கூட்டியோ குறைத்தோ மாற்றி எழுதுவது), வரும் ஆண்டின் மதிப்பீடு. வடிகால் என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு 20 கோடி, திருத்திய மதிப்பீடு 6 கோடி, வரும் ஆண்டின் மதிப்பீடு 25 கோடி என்று இருந்தால், உரையில் 25 மட்டுமே ஒலிக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது 20க்கும் 6க்கும் உள்ள இடைவெளியை. அதற்கு முந்தைய புத்தகங்களையும் எடுத்து, அதே வரியில் உண்மைக் கணக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மதிப்பீடு ஏறிக்கொண்டே போய், உண்மைக் கணக்கு ஒரே இடத்தில் நின்றால், அந்த வரி கைதட்டலுக்காக எழுதப்பட்டது என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

சொத்து வரி எங்கே செல்கிறது என்று கேட்டீர்கள். பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளும் ஒப்பந்தம், தெருவிளக்கு மின் கட்டணம், பழைய கடனின் தவணை ஆகியவற்றிலேயே கரைந்துவிடுகிறது. வரியிலேயே ஒரு பகுதி கல்வி வரியாகப் பிரிந்து தனி நிதிக்குச் செல்கிறது. தமிழக நகராட்சிகளில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என மூன்று பெட்டிகள் உண்டு. ஒன்றின் பணத்தை இன்னொன்றில் விருப்பம்போல் போட முடியாது. தொழில் வரியையாவது கூட்டலாமே என்றால், அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988இல் வைத்த வரம்பு. அதன் பிறகு எத்தனையோ ஊதியக் குழுக்கள் வந்து போய்விட்டன, அந்த எண் மட்டும் அசையவில்லை.

பதில் 2: எம் புக்

பழைய கணக்கர் ஐயா வரவுப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் பொறியியல் பக்கத்திலிருந்து வருகிறேன்.

பட்ஜெட்டில் பெயர் வந்ததோடு ஒரு பணி தொடங்கிவிடாது. உதவிப் பொறியாளர் களத்தில் அளந்து, மட்டம் பார்த்து, விலை விகித அட்டவணைப்படி மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அதற்கு நிர்வாக அனுமதியும் (இந்தப் பணியை இந்தத் தொகையில் செய்யலாம் என்ற ஒப்புதல்) தொழில்நுட்ப அனுமதியும் (வடிவமைப்பும் மதிப்பீடும் சரி என்ற ஒப்புதல்) பெற வேண்டும். பிறகு டெண்டர். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கக் குறைந்தபட்ச அவகாசம் வகுத்திருக்கின்றன. யாரும் கேட்காவிட்டாலோ, கேட்ட விலை மதிப்பீட்டைவிட மிக அதிகமாக இருந்தாலோ மறு டெண்டர். இதற்குள் அக்டோபர் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் யாரும் பள்ளம் தோண்ட அனுமதிக்க மாட்டார்கள். ஆகஸ்டுக்குள் பணி ஆணை வழங்கப்படாத வடிகால், ஜனவரிக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெரிய வடிகால் பணிகள் பெரும்பாலும் மாநகராட்சியின் சொந்தப் பணத்தில் நடப்பதில்லை. சென்னையில் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதி வடிகால்கள் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனிலும், கோவளம் வடிநிலப் பகுதி வடிகால்கள் ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் நிதியிலும் எடுக்கப்பட்டவை. அந்தப் பணம் திட்ட எல்லைக்குள் மட்டுமே செலவாகும். பக்கத்துத் தெருவில் இடுப்பளவு நீர் நின்றாலும் ஒரு ரூபாயை அங்கே திருப்ப முடியாது. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்திலும், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு, 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. ஆகவே உங்கள் மண்டலத்துக்கு அறிவித்த தொகையின் எதிரே எந்தத் திட்டத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பொது நிதி என்று மட்டும் இருந்தால், அது வரி வசூலை நம்பி எழுதியது. மாநில அரசின் மானியத்தில் என்று இருந்தால், அரசாணை வெளிவந்ததா என்று கேளுங்கள். அரசாணை வராமல் டெண்டர் விடுவது கடினம்.

தெருவாசி:

இருவருக்கும் நன்றி. சொத்து வரியை ஆண்டுதோறும் கூட்டுவது மாமன்றம் தானாக எடுக்கும் முடிவா, மேலிருந்து வரும் உத்தரவா? எங்கள் கூட்டத்தில் இதற்குத்தான் அதிகச் சூடு பறக்கிறது.

பதில் 3: நகர்மன்ற நோக்கர்

இரண்டும் கலந்தது. 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான மானியத்துக்கு இரு நுழைவு நிபந்தனைகளை விதித்தது: கணக்குகளை இணையத்தில் வெளியிட வேண்டும், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியின் வேகத்துக்கு ஈடாக உயர வேண்டும். இதைக் காட்டித்தான் தமிழக அரசு 2022இல் சொத்து வரியைப் பொதுச் சீராய்வு செய்தது. சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடும் உயர்ந்தன. ஆண்டுதோறும் கூடுவதும் அதன் தொடர்ச்சியே. தீர்மானம் மாமன்றத்தில் நிறைவேறியிருந்தாலும், அதை மறுத்தால் மானியம் போய்விடும் என்ற நிலையில் நிறைவேறிய தீர்மானம் அது.

ஆனால் மேலே எழுதிய இருவரோடும் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. எல்லாவற்றையும் நடைமுறையின் தலையில் கட்டிவிட்டால், முடிவெடுப்பவர்கள் நழுவிவிடுவார்கள். பொது நிதி குறைவு என்பது சரி. இருக்கும் அந்தக் குறைந்த பணம் எந்த வார்டுக்கு முதலில் போகிறது என்பது கணக்கு விதியில் எழுதப்பட்டிருக்கவில்லை. விரிவாக்கப் பகுதிகள் பின்னுக்குத் தள்ளப்படுவதை நான் பல மாநகராட்சிகளில் கண்டிருக்கிறேன். 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தமிழக நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள்தான் பட்ஜெட்டை ஒப்புக்கொண்டார்கள். அப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. மாமன்றங்கள் மீண்டும் வந்த பிறகும் பட்ஜெட் விவாதம் பெரும்பாலும் பாராட்டுரைகளிலேயே முடிந்துவிடுகிறது. புணே மாநகராட்சியில் 2006 அளவிலிருந்தே, குடிமக்கள் தங்கள் பகுதிக்கான பணிகளை அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கு முன்மொழியும் நடைமுறை இருக்கிறது. இங்கே குடிமக்கள் தங்கள் பகுதித் தேவைகளைப் பேசுவதற்கான வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன. அவற்றில் பேசப்படுவது பட்ஜெட் பட்டியலுக்குச் செல்கிறதா என்பதைத்தான் உங்கள் சங்கம் கேட்க வேண்டும்.

பதில் 4: பழைய கணக்கர்

நோக்கர் சொல்வதை மறுக்கவில்லை. அரசியல் இல்லாத பட்ஜெட்டை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. ஆனால் மாமன்ற உறுப்பினரிடம் வாதாடப் போகும்போது கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

தெருவாசி ஐயாவுக்கு என் யோசனை இது. மனுவை ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ கொடுங்கள். மேயருக்கு ஒரு படியும், மண்டல உதவி ஆணையருக்கு ஒரு படியும், உங்கள் வார்டின் உதவிப் பொறியாளருக்கு ஒரு படியும் போகட்டும். மூன்றாவதுதான் முக்கியம், ஏனெனில் பட்டியல் அந்த மேசையில் பிறக்கிறது. தெருவின் பெயர், நீளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், அருகிலுள்ள வடிகாலோ வாய்க்காலோ எங்கே இருக்கிறது என்பவற்றை எழுதி, மழைநீர் தேங்கி நின்ற நாளின் படங்களை இணையுங்கள். போய்ச் சேர இடம் இல்லாத வடிகாலை எந்தப் பொறியாளரும் மதிப்பீட்டில் சேர்க்க மாட்டார்.

நடப்பாண்டுப் பணியைப் பொறுத்தவரை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்றே கேள்விகள் போதும்: அந்தப் பணிக்கு நிர்வாக அனுமதி வழங்கப்பட்டதா (ஆம் எனில் எண்ணும் தேதியும்), எந்த நிதியிலிருந்து செலவிட உத்தேசம், நடப்பாண்டின் திருத்திய மதிப்பீட்டில் அந்தத் தலைப்புக்கு எவ்வளவு வைக்கப்பட்டுள்ளது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பணி இன்னும் உரையில் மட்டுமே இருக்கிறது என்று பொருள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அதை மறுபடியும் சேர்க்கச் சொல்லி உடனே எழுதிவிடுங்கள், பழைய அறிவிப்பு தானாகத் தொடரும் என்று காத்திருக்க வேண்டாம்.