அந்த வீட்டை ராத்திரியில் ஒருமுறை பார்த்திருக்கலாம்

வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். என்னுடையதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வேலை கிடைத்துப் பெரிய நகரத்துக்குப் போனபோது 2 வாரத்துக்குள் வீடு பார்த்தாக வேண்டிய நிலை. நண்பன் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, தினமும் வேலை முடிந்ததும் வீடு பார்க்கக் கிளம்புவேன். 11 வீடுகள் பார்த்தேன். 12ஆவது வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்கு புரோக்கர் கூட்டிப்போனார். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்ததும் நல்ல வெளிச்சம். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தது. ஓனர் அக்கறையாகப் பெயின்ட் அடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "உங்களுக்குப் பின்னாடியே இன்னும் ரெண்டு பேர் பார்க்க வர்றாங்க சார்" என்றார் புரோக்கர். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

குடிபோன முதல் நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். தலைமாட்டில் வைத்திருந்த டம்ளருக்குள் கிடந்த ஸ்பூன் டிர்ர்ரென்று அதிர ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்தேன். கட்டிலும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. சில நிமிடம் கழித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். கீழ்த்தளத்தில் இருந்த குளிர்பதன அறையின் கம்ப்ரஸர் அது. பகலிலும் ஓடுவதுதான், ஆனால் தெருச் சத்தத்தில் அது அமுங்கிவிடும். இந்த மாதிரி அடிவயிற்றுக்குள் உறுமுகிற சத்தம் கான்கிரீட் வழியாகவே மேலே ஏறி வரும். ஜன்னலைச் சாத்தினால் போகாது, காதில் பஞ்சு வைத்தாலும் போகாது.

அப்புறம் மழைக்காலம் வந்தது. அந்தப் பளிச்சென்ற சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன். உடைந்து, உள்ளே இருந்து வெள்ளைப் பொடி கோதுமை மாவு போலக் கையில் கொட்டியது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. ஈரம், செங்கல்லிலும் காரையிலும் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். தண்ணீர் ஆவியானதும் உப்பு அங்கேயே பூத்துப் பெயின்டைப் பெயர்த்துத் தள்ளும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைக்காமல், மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழை வரைதான் தாங்கும். ஒரு சுவர் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

உடனே காலி செய்யவும் முடியவில்லை. 6 மாதத்துக்குள் போனால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்று அக்ரிமென்டில் எழுதியிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒருநாள் லிஃப்டில் எதிர்வீட்டு அம்மாவிடம் தூக்கமில்லை என்று சொன்னபோது, "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் அந்தச் சத்தத்தாலதாம்ப்பா போனாங்க" என்றார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தக் கதவை ஒருமுறை தட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த வீடு தேடும்போது அவசரப்படவில்லை. பகலில் பிடித்த வீட்டை ஒரு வேலைநாள் ராத்திரி 10 மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். படுக்கையறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நின்றேன். புரோக்கருக்கு எரிச்சல், ஆனால் நின்றார். குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்து பார்த்தேன். அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது ஒன்று தெரிந்துகொண்டேன். "இங்கே ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "தண்ணீர் எந்த நேரத்தில் வராது?", "லிஃப்ட் கடைசியாக எப்போது நின்றது?" என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள்.

பயணத்தையும் அப்படித்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை 35 நிமிடத்தில் போன தூரம், திங்கள் காலை எட்டரைக்குக் கிளம்பினால் 80 நிமிடம். போக வர ஒன்றரை மணி நேரம் கூடுதல். மாதம் 22 வேலைநாள் என்றால் 33 மணி நேரம் சாலையில் போய்விடும். வாடகை குறைவு என்று நினைத்த அந்த வீட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் கூடக் கொடுத்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் எடுத்தேன்.

* * *

மேலே எழுதிய நண்பர் குடிபோன பிறகு ஏமாந்தார், நானோ வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே ஏமாறப் பார்த்தேன். தனியாக இருக்கும் பெண் என்றாலே பல ஓனர்கள் யோசிக்கிறார்கள். யார் வருவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாய், கல்யாணம் எப்போது என்று கேள்விகள். வாடகையை ஒழுங்காகக் கட்டுவேனா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நாலைந்து இடத்தில் அப்படித் திருப்பி அனுப்பிய பிறகு, இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அழகான ஃப்ளாட், அந்தப் பகுதி வாடகையில் ஏறக்குறைய பாதி. ஓனர் வெளிநாட்டில் இருப்பதாகவும், அட்வான்ஸை அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்றும் எழுதினார். அவர் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பணம் அனுப்ப உட்கார்ந்தபோது, படத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பாயின்ட் கண்ணில் பட்டது. நம் ஊரில் இருக்கிற வடிவமே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சமையலறையிலும் அதே வடிவம்தான். அந்தப் படங்களை இணையத்தில் போட்டுத் தேடினேன். வேறொரு நாட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடு அது. அன்றிலிருந்து வீட்டுக்குள் நின்று பார்க்காமல், சொந்தக்காரர் அவர்தான் என்பதற்கு ஆவணம் பார்க்காமல் ஒரு பைசா கொடுப்பதில்லை. களைத்துப்போயிருக்கும்போதுதான் இந்த வலையில் விழுவோம், தோழிகளே. திருப்பி அனுப்பப்பட்ட நாளில் பணம் சம்பந்தமாக எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

* * *

உங்கள் இருவர் கதையையும் படித்தேன். நான் சொல்ல வந்தது காலி செய்யும்போது நடந்தது. சமையலறைத் தொட்டியில் நான் வருவதற்கு முன்பே ஒரு கீறல் இருந்தது. போகும்போது அதை என் கணக்கில் எழுதி அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் ஆதாரம் இல்லை. இப்போதெல்லாம் சாவி வாங்கிய அன்றைக்கே, சாமான் இறக்குவதற்கு முன், அறை அறையாக வீடியோ எடுக்கிறேன். விரிசல், கீறல் இருந்தால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும். மின்சார மீட்டரின் எண்ணையும் எடுத்து, எல்லாவற்றையும் அன்றே ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன். தேதியோடு பதிவாகிவிடும்.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்காக 1969இல் 25 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள், 1981இல் அதை 30 ஆக்கினார்கள். எல்லாருக்கும் பொருந்தும் என்று யாரும் கணக்குப் போட்டு வைத்ததில்லை. முதலில் எழுதிய நண்பர் சொன்ன அந்த 33 மணி நேரத்தையும் பயணச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

* * *

முதலில் எழுதிய தம்பி, ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் அந்த முதல் வீட்டைக் காலி செய்தபோது, அடுத்து வந்தவர்களிடம் சொன்னீர்களா?

* * *

சொன்னேன் அம்மா. நான் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றை அதே புரோக்கர் கூட்டிவந்தார். அதே 11 மணி. படுக்கையறைச் சுவரில் மறுபடி புது பெயின்ட். என் அட்வான்ஸ் இன்னும் ஓனர் கையில்தான் இருந்தது, பயமாகவும் இருந்தது. புரோக்கர் போனில் பேச வெளியே போன நேரம் பார்த்து, "ராத்திரி பத்தரைக்கு ஒருமுறை வந்து பாருங்க, நான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு மூன்று பேரும் நின்றோம். ஐந்தாறு நிமிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கீழே மெஷின் ஓட ஆரம்பித்ததும் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.