அரையாண்டு சொத்து வரி 1,800க்குப் பதில் 2,100: எங்கே தப்பு?

கேத்திப்பக்கம்:
நீலகிரியில் நகராட்சி எல்லைக்குள் வீடு, குடியிருப்பு மட்டும். 2022 மார்ச் வரை அரையாண்டுக்கு 1,200 ரூபாய். சீராய்வுக்குப் பிறகு 2,100 கேட்டார்கள். வரைபடத்தில் 1,180 சதுர அடிதான் இருக்கிறது. இது சரியா? இன்னொன்று, தெருமுனைத் தடுப்புச் சுவர் கட்டி ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை, வயிறு தள்ளி நிற்கிறது. செலவுக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

கணக்குப்பிள்ளை:
2022 ஏப்ரல் சீராய்வில் நகராட்சிக் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தினார்கள். உங்களுக்கு 50, ஆக 1,800தான். 2,100 வருகிறதென்றால் 75 போட்டிருக்கிறார்கள், பதிவேட்டில் பரப்பு 1,200ஐத் தாண்டிவிட்டது. சரிவில் நிற்கும் வீடுகளில் இது சகஜம். முன்பக்கம் ஒரு தளம், பின்பக்கம் இரண்டு. கீழே விறகு அடுக்கும் இடத்தையும் அறையாக அளந்துவிடுவார்கள். 21 சதுர அடி கூடினாலே அடுத்த படி.

வரி விதிப்பு எண், கடைசி ரசீது, அனுமதி வரைபட நகல் வைத்து ஆணையருக்கு மறு அளவீடு கேட்டு மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். மனு நிற்கிறதே என்று கட்டாமல் இருக்க வேண்டாம், தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, உச்சவரம்பு 5,000. கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டில் கழிக்கும்படி மனுவிலேயே எழுதுங்கள்.

காட்டேஜ்வாசி:
பயன்பாடு 'வணிகம்' என்று மாறியிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். அதற்கு 100 சதவீதம், தொகை 2,400 ஆகியிருக்கும். சீசனுக்கு மட்டும் அறை வாடகைக்கு விடுகிறவர்கள்தான் பயன்பாடு என்ன என்று பதிவாகியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

மேஸ்திரி:
சுவருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் இப்படிக் கட்டினீர்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: செலவு மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), எந்த நிதியிலிருந்து செலவு. பிறகு டேப்போடு சுவரடிக்குப் போங்கள். சுவரில் நீர் வடியும் குழாய்கள் உண்டா, பின்னால் கல் நிரப்பியிருக்கிறார்களா, இல்லை வெட்டிய மண்ணையே தள்ளி மூடிவிட்டார்களா? மண்ணில் தங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளுகிறது. குழாயை மதிப்பீட்டில் எழுதி, அளவுப் புத்தகத்திலும் ஏற்றி, சுவரில் காணோம் என்றால் பொய் பில் அங்கேயே பிடிபடும்.

நிதியையும் கவனியுங்கள். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் (மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தரும் பணம்) 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது, அதைத் திருப்பிச் சுவருக்குப் போட முடியாது. அதனால் இந்த மாதிரி வேலைகளுக்கு நீங்கள் கட்டும் வரிப் பணமும் போகலாம்.

இதேபோல் தார்ச் சாலைக் கணக்கைக் கேட்பதாக இருந்தால் தேதியையும் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் ஜூனில், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நவம்பரில் தார் போட்டால் ஈரத்தில் ஒட்டாது. ஒப்பந்தம் அக்டோபருக்குள் முடிவானால்தான் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வேலை நடக்கும். பணி ஆணைத் தேதி, நிதியாண்டு முடிகிற மார்ச் கடைசி வாரம் என்றிருந்தால் அந்தக் கோப்பையே முதலில் கேளுங்கள்.