ஏலக்காய்க்கு ‘ஸ்மெல்’லா, ‘அரோமா’வா?

குமுளிக் கடைப்பையன்:
சொந்த ஊர் கம்பம், குமுளியில் ஏலக்காய், மிளகு, பட்டை விற்கிற கடையில் நிற்கிறேன். தேக்கடி பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் நான்தான் பேச வேண்டும். போன வாரம் ஒரு அம்மாவிடம் ஏலக்காய் டப்பாவைத் திறந்து நீட்டி, பெருமையாக ‘மேடம், அவர் ஷாப் ஸ்மெல்ஸ்’ என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், கூட வந்தவர் ‘நோ நோ, இட் டஸன்ட்’ என்று என்னைத் தேற்றுகிறார். ஸ்மெல், சென்ட், அரோமா, ஃப்ராகிரன்ஸ் எல்லாவற்றுக்கும் அகராதியில் ‘மணம்’ என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே சொல்வது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
தம்பி, ‘எங்கள் கடை நாறுகிறது’ என்று அவர் காதில் விழுந்திருக்கும். ஸ்மெல் வினையாக வந்து, பின்னால் ஒன்றும் வராவிட்டால் ஆங்கிலத்தில் அது கெட்ட வாடைதான். ‘ஸ்மெல்ஸ் லவ்லி’ என்று ஒரு சொல்லை ஒட்டினால் போதும். நம் ‘நாற்றம்’ பட்ட பாடுதான் இது, பழைய தமிழில் பூவின் நறுமணத்துக்கே அந்தச் சொல், இன்று யாரிடமாவது சொல்லிப்பாருங்கள். இங்கே பாலக்காட்டுப் பக்கம் மலையாளத்திலும் அதே கதை.

மற்றபடி, அரோமா தின்கிற, குடிக்கிற பொருளுக்கு வரும்: காப்பி, பட்டை, உங்கள் ஏலக்காய். பூ, சோப்பு, ஊதுபத்திக்கு ஃப்ராகிரன்ஸ். சென்ட்டில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுவது. நமக்கு சென்ட் என்றால் கல்யாணத்துக்குப் போகும்போது சட்டையில் அடித்துக்கொள்கிற பாட்டில், அவர்களுக்கோ பெரும்பாலும் ஒரு பொருளுக்கே உரிய மணம், மோப்ப நாய் பிடித்துக்கொண்டு ஓடுகிறதே அந்தத் தடமும் சென்ட்தான். பாட்டிலுக்கு பெர்ஃப்யூம் என்றே சொல்லிவிடுங்கள்.

லோயர்கேம்ப்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் வாயால் பேசும்போது அரோமா வேண்டாம் தம்பி. அது பாக்கெட்டில் அச்சடிக்கிற சொல். படகுத்துறையில் இத்தனை வருஷமாகப் பயணிகளோடு சுற்றுகிறேன், காப்பியை முகர்ந்துவிட்டு ‘அரோமா’ என்று சொன்ன ஒருவரையும் பார்த்ததில்லை, ‘தட் ஸ்மெல்ஸ் நைஸ்’ என்பார்கள், முடிந்தது. அப்புறம், உங்கள் கடையில் ஏலக்காய் டீ உண்டா? போர்டில் ‘ஸ்பைசி டீ’ என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஸ்பைசி என்றதும் அவர்களுக்கு மிளகாய்தான் ஞாபகம் வரும். ஏலம், பட்டை தட்டிப் போட்டது ‘ஸ்பைஸ்ட் டீ’.

போடிக்காரன்:
‘போல்ட்’டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போடியிலும் புற்றடியிலும் ஏலக்காயை ஏலம் விடுகிற இடத்துக்குப் போகிறவனுக்கு போல்ட் என்றால் பருமனான காய். அக்மார்க் தரத்தில் ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்’ என்றால் காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும். இதையே டூரிஸ்டிடம் சொன்னால் சுவை தூக்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அவரிடம் ‘பிக்’ என்றாலே போதும், அழகாகச் சொல்ல ஆசையென்றால் ‘பிளம்ப்’.

குமுளிக் கடைப்பையன்:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர், ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்க முடியாதே, நானே எப்படிச் சரிபார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அர்த்தத்தைப் பார்க்காதீர்கள், கூட்டாளியைப் பாருங்கள். ‘கோக்கா’ (COCA) என்று, அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் பேசியதையும் எழுதியதையும் திரட்டிவைத்த தொகுப்பு ஒன்று இணையத்தில் இருக்கிறது, 100 கோடி சொற்களுக்கு மேல். பெயர் பதிந்துகொண்டு ஒரு சொல்லைத் தேடினால் அதன் பக்கத்தில் அடிக்கடி எந்தச் சொல் உட்காருகிறது என்று காட்டிவிடும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள்.

குமுளிக் கடைப்பையன்:
லோயர்கேம்ப் அண்ணே, போய்ப் பார்த்தேன், போர்டில் ‘ஸ்பைசி டீ’தான். மூன்று வருஷமாக. குழந்தைகளோடு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நகர்வது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. முதலாளியிடம் சொன்னால் பெயின்ட் செலவு யார் தருவது என்கிறார்.

லோயர்கேம்ப்:
கடைசி ஓர் எழுத்தை அழித்து இரண்டு எழுத்து எழுத வேண்டும். அதற்கு எவ்வளவு பெயின்ட் ஆகும் என்று கேள்.