தேக்கு அலமாரியில் பெயிண்ட் நிற்கவில்லை

கேள்வி (யாங்கோன்): பழைய தேக்கு அலமாரியில் அடித்த வெள்ளையில் மஞ்சள் கறை கசிகிறது, நகம் பட்டாலே உரிகிறது. ஓரங்களைத் தேய்த்துப் பழசாகக் காட்ட வேண்டும். வழி சொல்லுங்கள் அண்ணே.

பதில்: தேக்கின் எண்ணெய்தான் காரணம் தம்பி. பெயிண்டைச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாள் போட்டு, அசிட்டோன் துணியால் துடைத்து, அன்றைக்கே மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) இரண்டு கோட் கொடுங்கள். தாமதித்தால் எண்ணெய் மறுபடி மேலேறும். மழை நாளில் வேண்டாம், ஷெல்லாக் வெளுத்துவிடும்.

பதில்: காய்ந்ததும் கை படும் விளிம்பு, கைப்பிடியோரம் மட்டும் மெழுகுவத்தி தேய்த்துவிட்டு பெயிண்ட் அடியுங்கள். பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் அங்கே மரம் தெரியும். நடுப்பலகையைத் தொடாதீர்கள், செயற்கையாகத் தெரியும்.

பதில்: அடியில் பழைய பெயிண்ட் இருந்தால் ஈயம் இருக்கலாம். நனைத்தே சுரண்டுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.