ஜூல் ஷெரே: லூமியேருக்கு முந்தைய சினிமா போஸ்டர்

சினிமா போஸ்டர் என்றாலே 1895-ல் பாரிஸில் படம் காட்டிய லூமியேர் சகோதரர்களில்தான் ஆரம்பிக்கிறோம். அதற்கும் 3 ஆண்டு முன்பு, 1892 அக்டோபர் 28-ல், பாரிஸ் க்ரெவின் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் எமில் ரேனோ கையால் வரைந்த அசையும் படங்களைத் திரையில் காட்டினார். அதற்குப் போஸ்டர் வரைந்தவர் ஜூல் ஷெரே, வயது 56. பதின்மூன்றில் லித்தோ (கல்லில் வரைந்து அச்சிடும்) தொழில் பழகி, 1866-ல் பாரிஸில் சொந்த அச்சகம் போட்டவர். சர்க்கஸ், நாடகம், விளக்கு எரிக்கும் மண்ணெண்ணெய் என ஆயிரத்துக்கும் மேல் போஸ்டர் போட்ட கை அது.

—

அவர் கல்லில் செய்ததையும் சொல்ல வேண்டும். நிறத்துக்கு ஒரு கல். கோட்டுருவத்துக்குக் கறுப்பு, அடுத்தது அழுத்தமான சிவப்பு. மூன்றாவது கல்லில்தான் வித்தை: மேலே நீலம் அல்லது பச்சை, கீழே மஞ்சள் அல்லது ஆரஞ்சு, இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே இழுப்பில் விழும். மசியைப் பிரஷ்ஷால் சிதறடித்த பொடிப்புள்ளிகள் இடைநிறங்களைக் கொடுக்கும். மூன்று நான்கு கல்லில் இவ்வளவு வெளிச்சம் கொண்டுவந்தது பெரிய சாதனை.

—

மேலே சொன்னது எங்கே கெடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுப்பு மசியை ஏற்கும், ஈரம் மசியைத் தள்ளும். லித்தோ முழுக்க இவ்வளவுதான். அதனால் வரையும்போது வெறுங்கை பட்டால் கைரேகையும் அச்சாகும். எழுத்தை இடவலம் மாற்றித்தான் எழுத வேண்டும். வரைந்த பின் கருவேலம்பிசின் கரைசலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். அமிலம் கூடினால் அந்தப் பொடிப்புள்ளிகள்தான் முதலில் அழியும். குறைந்தால் வெற்றிடத்திலும் மசி ஏறி அழுக்காகும். அச்சிடும்போது கல் காய்ந்தாலும் அதே கதி. இன்னொன்று, ஈரக்காற்றில் காகிதம் விரியும். முதல் நிறத்துக்கும் கடைசி நிறத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளியே நிற்கும்.

—

ஷெரே போஸ்டர் என்று யாராவது விற்க வந்தால் முதலில் 10 மடங்கு லென்ஸ் வையுங்கள். வரிசை பிசகாத புள்ளிக்கட்டம் தெரிந்தால் பிற்கால ஆஃப்செட் மறுஅச்சு. கல்லில் வரைந்ததில் மணல் தூவியதுபோல் ஒழுங்கற்ற துகள்தான் இருக்கும். ஆனால் இந்தச் சோதனை ஓரிடத்தில் ஏமாற்றும்: 1895 முதல் 1900 வரை சேகரிப்பாளர்களுக்காகப் பல போஸ்டர்களைச் சிறிதாக்கி, லித்தோவிலேயே அச்சிட்டார்கள். அவை சுமார் 29×40 செ.மீ.; வலது கீழ்மூலையில் புடைப்பு முத்திரை இருக்கும். சுவரில் ஒட்டிய பெரிய அளவு ஏறக்குறைய 88×124 செ.மீ. அதனால் லென்ஸோடு டேப்பையும் எடுத்துப் போங்கள்.